பூங்காவனத்தின் இரண்டு வரிகள்

1

சென்ற மாதம் எங்கள் ஊர் கவுன்சில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் என்று இப்போது நான் சொல்வது வேல்ஸ் நாட்டில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊரை. நர்ஸ் வேலைக்காக இங்கே வந்து, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, ஓய்வும் பெற்றாகிவிட்டது. என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டு வரிப் பதிவில் குடியிருப்போர் இருவர் என்று இருப்பதை ஒருவர் என்று மாற்ற வேண்டும். போனில் சொல்லிப் பார்த்தேன், எழுதிப் போட்டேன், மாறவில்லை. கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். அவள் என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோதே தீயணைப்பு ஒத்திகை மணி அலறியது. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தூறலில் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றோம். மணி ஓய்ந்ததும் உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், பிறகு என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். "ரிசூம் பண்ணலாமா? உங்கள் கணவரும் வந்துவிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

திரையில் இன்னும் இரண்டு பெயர்கள் இருந்திருக்கும். அவள் மேல் தவறில்லை. ஆனால் 'ரிசூம்' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் சின்ன வயதிலிருந்தே நான் பேசாமல் காத்திருப்பேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அவள் அதையே மெதுவாக, சத்தமாக இன்னொரு தடவை கேட்டாள்.

2

என் அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்காக நெய்வேலிக்கு வந்தவர். அப்போது டவுன்ஷிப் முளைத்துக்கொண்டிருந்த காலம். எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஜன்னல். விளையாடிவிட்டு வேறு வீட்டுக்குள் போய்ச் சோறு கேட்ட பிள்ளைகள் உண்டு. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும், பள்ளிக்கூட மணியும் அதையொட்டியே அடிக்கும். துணி காயப்போட்டால் பழுப்புத் தூசி படியும்.

ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் பூங்காவனம். அவளுடைய குடும்பம் அந்த மண்ணுக்கே உரியது. அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அவர்கள் குடியிருந்த தெரு சுரங்கத்துக்குள் போய்விட்டது. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. அம்மா அஞ்சலை கட்டட வேலையில் சிமென்ட் கலவை சுமப்பாள்.

ஒரு தடவை பள்ளியிலிருந்து எங்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். மலையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி பள்ளம். அடியில் மனிதர்கள் எள் போலத் தெரிந்தார்கள். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருக்க, பூங்காவனம் மட்டும் நேராகக் கையை நீட்டினாள். பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில்.

"அதோ தெரியுதா செல்வி? அங்கதான் எங்க வூடு."

"எங்கடி? அங்க ஒண்ணுமே இல்லையே."

"அங்கதான். பக்கத்துல புளியமரம். அந்தாண்ட கெணறு."

அவள் விரல் காட்டிய இடத்தில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஏனோ, இவள் பழக்கத்தில் நடந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

3

எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் எஸ்தர் டீச்சர். நெல்லிக்குப்பத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டுவார், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருப்பார். கல்லூரியிலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர். அடிக்க மாட்டார். வார்த்தைகளை ஒன்றோடொன்று உரசவிட்டுச் சொல்லித்தருவார்.

பாடம் வாசிக்க ஒரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு பத்தி. எழுந்து நின்று வாசிக்க வேண்டும். முடிந்ததும் டீச்சர் 'கன்டினியூ' என்பார். அடுத்த பிள்ளை எழுந்து தொடர வேண்டும். பூங்காவனத்துக்குப் பிறகு நான்.

ஒரு நாள் அந்த வார்த்தைக்கே பாடம் நடந்தது. 'கோ ஆன்' என்றால் போய்க்கொண்டே இரு. 'கேரி ஆன்' என்றால் கையில் உள்ளதை விடாமல் செய். 'கன்டினியூ' என்றால் தொடர். 'ரிசூம்' என்றால் நிறுத்தியதை, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள். டீச்சர் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, நடுவில் கொஞ்சம் அழித்தார்.

"இந்த இடைவெளி இருக்கே, இது இருந்தாத்தான் ரிசூம். இல்லேன்னா கன்டினியூ போதும்."

பூங்காவனம் எழுந்தாள். அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டி 'ரெசுமே' என்றுதான் அவள் சொல்வாள்.

"டீச்சர், எம்மா நேரம் நின்னா ரெசுமே?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுக்குக் கணக்கு கிடையாது பூங்காவனம். எவ்வளவு நாள் நின்னுருந்தாலும் சரி. விட்ட இடத்துலேருந்து எடுத்தா, அது ரிசூம்தான்."

அன்று வெள்ளிக்கிழமை. கடைசி மணிக்கு வாசிப்பு. பாடத்தில் ஒரு சிறுமி படகில் ஆற்றைக் கடந்து ஊர் திரும்புகிறாள். பூங்காவனம் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு வாசிப்பாள். படகு கரையை நெருங்கிவிட்டது, பக்கத்தின் கடைசி வரி. 'அண்ட் த கேர்ள்' என்றாள். சங்கு ஊதியது.

"இன்னும் ரெண்டே வரிதான் டீச்சர். அடுத்த பக்கத்துல. முடிச்சிடறேன்."

"மணி அடிச்சாச்சும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டாமா? திங்கக்கிழமை ரிசூம் பண்ணு."

திங்கட்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். டைபாய்டு என்றார்கள். அந்த வாரமே செத்துப்போனாள்.

4

என் மகன் அரவிந்த் பிரிஸ்டலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச அதிகம் வராது. இப்போது புரிவதும் குறைந்துகொண்டு வருகிறது. போனில் பேசும்போதே அவன் வேறு எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்.

கவுன்சில் அலுவலகத்தில் நடந்ததை அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். "கேரி ஆன் அம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் ஆங்கிலத்தில். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் தட்டும் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ம்ம்" என்றான். மறுபடியும் "ம்ம்" என்றான். "அப்புறம்?" என்றான். என் மௌனத்துக்கு அவன் சரியான இடங்களில் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பதிலாக யாரோ அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.

5

பூங்காவனம் இறந்த பிறகு வந்த முதல் ஆங்கில வகுப்பு. டீச்சர் உள்ளே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. புத்தகத்தைத் திறந்து, அந்தப் படகுப் பாடத்தை எடுக்கச் சொன்னார். யார் எழுந்து வாசிக்கப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"பூங்காவனம், ரிசூம்" என்றார்.

நான் என் இடப்பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு பிள்ளை வாசிக்கும்போது எப்படி வரிகளின் மேல் கண்ணை ஓட்டுவாரோ அப்படி. வெகு நேரம் கழித்து, "செல்வி, கன்டினியூ" என்றார். நான் எழுந்து என் பத்தியை வாசித்தேன்.

ஏதோ துக்கத்தில் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த வகுப்பிலும் அதே பாடம். அதே அழைப்பு. அதே காத்திருப்பு. அதற்கடுத்த வகுப்பிலும் அதேதான். வீட்டில் சொன்னேன். அம்மா எனக்கு விபூதி பூசி, வேறு பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள். ஆனால் மற்ற பெஞ்சுகளில் இடமில்லை. டீச்சரிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

ஒரு நாள் அந்த மௌனத்தின் நடுவே ஒரு சத்தம் கேட்டது. சரக் என்று. வகுப்பு முழுதும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பியிருந்தது. யாரும் சைகை செய்யவில்லை. டீச்சர் தலை நிமிரவில்லை. 'அண்ட் த கேர்ள்' என்று விட்ட வரி முடியும் இடம் வந்ததும், பூங்காவனத்தின் வேகத்தில், அவள் விரல் தள்ளும் வேகத்தில் வந்ததும், எல்லோருடைய கைகளும் தாமாகத் திருப்பிவிட்டன. என் கையும்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

விஷயம் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனது. வகுப்புக்கே வந்துவிட்டார். கோபக்காரர் அல்ல, ஆனால் அன்று முகம் வெளிறியிருந்தது.

"மிஸ், இன்ஸ்பெக்டர் வரப்போறார். ஒரே பாடத்துல நிக்கிறீங்க. ப்ரொசீட் பண்ணுங்க."

"ஒரு பிள்ளை இன்னும் முடிக்கலை சார்."

"யாரு முடிக்கலை?"

டீச்சர் என் பெஞ்சைப் பார்த்தார். ஹெட்மாஸ்டரும் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் வெளியே போனார்.

அன்று மாலை டீச்சருடைய நோட்டுகளை ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "டீச்சர், பூங்காவனம் செத்துப்போயிட்டா" என்றேன். அவருக்குத் தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு உண்மையிலேயே இருந்தது.

"தெரியும் செல்வி. முடிச்சிடறேன்னுதானே கேட்டா. நான்தானே நிறுத்தினேன்."

என் கையிலிருந்த நோட்டுகளை வாங்கி அடுக்கி வைத்தார். முன்பு மடித்துக் கட்டியிருந்த பின்னல்கள் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

6

எங்கள் வகுப்பை ஒட்டி ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆங்கில வகுப்பின்போது, "பூங்காவனம், ரிசூம்" என்று டீச்சர் சொன்னதும், ஜன்னலுக்கு வெளியே நிழல் ஒன்று அப்படியே நின்றது. தலையில் கலவை நிறைந்த இரும்புப் பாண்டு. பூங்காவனத்தின் அம்மா, அஞ்சலை அத்தை.

மேஸ்திரி அவளை அன்றைக்குத்தான் இந்தக் கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார் போல. சிமென்ட் தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்தது. துடைக்காமல் நின்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அத்தை பாண்டை இறக்கி வைத்துவிட்டு, சுற்றி வந்து, வாசலில் நின்றாள்.

"எம்பொண்ணு பேரச் சொன்னீங்களாங்க?"

"ஆமாம்மா."

"படிக்கிறாளாங்க?"

"படிக்கிறா" என்றார்.

"நானும் செத்த நேரம் கேக்கட்டுங்களா?"

அவள் உள்ளே வந்து என் பெஞ்சின் ஓரத்தில், தரையில் குந்தினாள். கலவை வாடையும் வேர்வை வாடையும் வந்தன. பக்கங்கள் திரும்பின. அந்தச் சத்தம் கேட்டதும் அத்தை சட்டென்று தலை நிமிர்ந்தாள். என் காதருகே குனிந்து கேட்டாள்.

"இன்னா கதை பாப்பா அது?"

"ஆத்துல படகு அத்தை. ஒரு பொண்ணு ஊருக்குத் திரும்பி வர்றா."

"வந்துட்டாளா?"

"கரைகிட்ட வந்துட்டா."

அதற்குப் பிறகு அவள் தினம் வந்தாள். மேஸ்திரி திட்டினார். அவள் கூலியில் பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். அவள் கேட்கவில்லை. முதலில் சும்மா உட்கார்ந்து போனாள். பிறகு மடியில் வறுத்த முந்திரி கொண்டுவந்து, எனக்கும் என் பக்கத்து வெற்றிடத்துக்கும் வைத்தாள். "தள்ளி ஒக்காரு பாப்பா, அவளுக்கு எடம் பத்தல" என்றாள். ஒரு நாள் அந்த வெற்றிடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் காச்சலு வுடல" என்றாள். நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. டீச்சரும் அதைப் பார்த்தார். தான் திறந்துவிட்ட ஒன்றை மூடத் தெரியாதவர் போல அவர் முகம் இருந்தது.

7

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வார்டில் வேலை செய்த வருஷங்கள் முழுதும், ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு மறுபடி சாப்பாடு தரலாம் என்று எழுத வேண்டிய இடத்தில் மற்ற நர்ஸுகள் 'ரிசூம்' என்று எழுதுவார்கள். நான் 'ரீஸ்டார்ட்' என்றுதான் எழுதுவேன். எங்கள் வார்டு சிஸ்டர், கறாரான வேல்ஸ்காரி, ஒரு நாள் கேட்டாள். "மோட்டாரையா ஓட்டுகிறாய்? ஆளுக்கு அல்லவா சாப்பாடு?" என் ஆங்கிலம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அவள் திருத்தவில்லை. எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் அவளைவிட நன்றாகத் தெரியும் என்பதை எப்படிச் சொல்வது?

8

கடைசி நாள் நடந்தது இதுதான்.

வெயில் காலம் தொடங்கியிருந்தது. அத்தை வழக்கம்போல வந்து குந்தினாள். டீச்சர் புத்தகத்தைத் திறந்தார். குரல் அவருக்கு வரவில்லை. இரண்டாவது தடவைதான், "பூங்காவனம், ரிசூம்" என்று வந்தது.

வாசிப்புக்கான மௌனம் தொடங்கியது. அத்தை என்றும் தரையைப் பார்த்துத்தான் கேட்பாள். அன்று அண்ணாந்து பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் இருக்கும் உயரத்தை அல்ல. அதற்கும் மேலே, நிற்கும் ஒரு பெண்ணின் முகம் இருக்கும் உயரத்தை.

"டீச்சர்" என்றாள்.

"சொல்லுங்கம்மா."

"படிக்கும்போது நிக்கணுங்களா?"

"ஆமா. எழுந்து நின்னுதான் படிக்கணும்."

"அப்ப, அன்னியிலேருந்து நின்னுகினேவா இருக்கா?"

டீச்சர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, அத்தை பார்த்த அந்த உயரத்தைப் பார்த்தார்.

"காச்சக்காரப் பொண்ணுங்க. காலு கடுக்காதா அவளுக்கு? படிச்ச வரிக்கும் போதுங்க. ஒக்காரச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாத்தான் ஒக்காருவா. எம்பேச்சக் கேக்க மாட்டா."

எஸ்தர் டீச்சர் புத்தகத்தை மூடினார். அப்படி ஒரு அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசியதை அதற்குப் பிறகு எத்தனையோ மரணப் படுக்கைகளின் அருகே நின்றும் நான் கேட்டதில்லை. ஆனால் குரல் தெளிவாக வந்தது. எந்தப் பிள்ளையிடமும் சொல்வது போல, வகுப்புக் குரலிலேயே சொன்னார்.

"வெரி குட், பூங்காவனம். சிட் டவுன்."

நான் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். நகர வேண்டும் என்று நினைத்து நகரவில்லை. பக்கத்தில் ஒருத்தி உட்காரும்போது எப்படி நகர்வோமோ அப்படி நகர்ந்துவிட்டேன். பெஞ்சு லேசாக முனகியது. நான் நகர்ந்ததால்தான் முனகியிருக்கும். அத்தை என்னைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டீச்சர் பக்கம் கும்பிடுவது போல ஒரு கை உயர்ந்து பாதியில் இறங்கியது. வெளியே போய்ப் பாண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டீச்சர் அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். அது ரயிலைப் பற்றியது. ஒருவருக்கும் அதில் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. ஆண்டு முடிந்ததும் அவர் நெல்லிக்குப்பத்தில் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டதாகவும், அங்கே வேறு பள்ளியில் கணக்கு எடுப்பதாகவும் சொன்னார்கள். ஆங்கிலம் எடுக்க மறுத்துவிட்டாராம்.

அஞ்சலை அத்தை பிறகு வகுப்புக்குள் வரவில்லை. ஜன்னல் ஓரமாகப் போகும்போதுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். கட்டடம் முடிந்து, சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏதோ பாலத்து வேலைக்கு ஆட்களை லாரியில் ஏற்றிய அன்று மட்டும் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து வீட்டுப்பாடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா."

"அத்தை."

"இன்னா பண்றா?"

லாரி ஹாரன் அடித்தது. அவள் போகாமல் நின்றாள். நான் என் இடப்பக்கம் பார்த்தேன். வெயில் பெஞ்சின் மேல் விழுந்து, பாதி மரம் வெளிச்சமாகவும் பாதி நிழலாகவும் கிடந்தது.

"தூங்கறா அத்தை."

அவள் முகம் தளர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சாதாரணத் தாயைப் பார்த்தேன்.

"தூங்கட்டும். எழுப்பாத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சத்தம் கேட்காதபடி நடந்து லாரிக்குப் போனாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நுனிக்காலில் நடந்து, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.